தொப்பிக்காரர்களின் புத்தகங்கள்

என் தமையனார் சாவதற்கு முந்திய ஐந்து மாதங்களும் நான் அவருக்குப் புத்தகம் வாசித்துக் காட்டினேன். எல்லாம் ஒரே வகைப் புத்தகங்கள். அமெரிக்காவின் தெற்குப் பக்கத்து மலைகளிலும் பருத்தித் தோட்டங்களிலும் பிறந்த கன்ட்ரி இசையின் வரலாறு, அதைப் பாடிப் பேர் எடுத்தவர்களின் வாழ்க்கை, அந்தப் பாட்டுகள் எப்படிக் கதை சொல்கின்றன என்ற ஆராய்ச்சி. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு அலுமாரியில் துணிமணிக்கு இடமில்லாத அளவுக்கு அவை இருந்தன. மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கியவை, நுகேகொடை வரை போய்த் தேடி எடுத்தவை, கனடாவிலிருந்து என் மகன் அனுப்பியவை. அட்டையைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். தொப்பி போட்ட ஒருவன் கிட்டாரோடு நிற்பான்.

சீனி வருத்தம் முதலில் அவருடைய கண்ணை எடுத்தது, பிறகு சிறுநீரகத்தை. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெஷினோடு படுத்து இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவார். நான் பெண்கள் பாடசாலை ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். தமையனார் கலியாணமே செய்யவில்லை. ஆக, கடலைப் பார்த்த ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இரண்டு கிழடுகளும் ஓர் அலுமாரி தொப்பிக்காரர்களும் குடியிருந்தோம்.

காலைத் தேத்தண்ணி குடித்த பிறகு வாசிப்புத் தொடங்கும். அவர் யன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருப்பார். கீழே கரையோரத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போது நான் நிறுத்த வேண்டும். அது போய் முடிந்ததும் விட்ட வரியின் தொடக்கத்திலிருந்து மறுபடி வாசிக்க வேண்டும். எனக்கு அந்தப் புத்தகங்கள் பிடிக்கவில்லை என்பதை நான் ஒளித்ததில்லை. ஒரு வறிய வீடு, கோயிலும் செபமுமாக ஒரு தாய், பிறகு குடி, பெண்சாதி பெட்டியைக் கட்டிக்கொண்டு போவாள், உடனே ஒரு பாட்டுப் பிறக்கும். என் மாணவிகள் இப்படிக் கட்டுரை எழுதித் தந்திருந்தால், ஆரைப் பார்த்து எழுதினீர்கள் என்று முழு வகுப்பையும் எழுப்பி நிறுத்தியிருப்பேன்.

“இவரும் குடிக்கப் போறாரோ?” என்று பக்கத்தைப் புரட்டு முன் கேட்பேன்.

“பொறு, மனிசி இன்னும் போகேல்ல” என்பார் தமையனார்.

சிறைப் பாட்டுகளைப் பற்றிய அத்தியாயம் வந்தால் மட்டும் பகிடி நின்றுவிடும். “இந்த ஆள் உண்மையிலே உள்ளுக்கு இருந்ததோ?” என்று கேட்பார். நான் முன்னும் பின்னும் புரட்டித் தேடிச் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு பேர் இருந்திருந்தார்கள். மற்றவர்கள் சிறைக்குள் எட்டிப் பார்த்ததுகூட இல்லை, பாட்டில்தான் கம்பி எண்ணினார்கள். “அப்ப அவருக்கு எப்பிடித் தெரியும்?” என்பார். அதில் கோபம் இல்லை. உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்பார். நான்தான் அவசரமாக அடுத்த அத்தியாயத்துக்குப் புரட்டுவேன்.

இத்தனை புத்தகம் வைத்திருந்த மனிதர் அந்தப் பாட்டுகளில் ஒன்றையும் கேட்பதில்லை. சாப்பாட்டுக் கடையில் அப்படி ஒன்று போனால் பாதிச் சோற்றோடு எழும்பிவிடுவார். வாசிக்கத் தொடங்கிய புதிதில், நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி, அத்தியாயத்தில் வந்த ஒரு பாட்டைப் போனில் தேடிப் போட்டேன். கிட்டார் இரண்டு தரம் மீட்டியிருக்கும். “நிப்பாட்டு” என்றார். நிப்பாட்டினேன். ஒரு காலத்தில் கொழும்பு ஹோட்டல்களில் அதே பாட்டுகளை வாசித்துப் பாடிய ஆள் அவர்.

அது அவருடைய விசித்திரம். என்னுடையது வேறு. நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவதில்லை. எழுதும்போதுகூடத் தமையனார் என்றுதான் கை போகிறது. ஏதும் சொல்ல வேண்டுமென்றால் கிட்டப் போய் நின்று, “இஞ்சருங்கோ” என்பேன். எங்கள் பக்கத்தில் அது பெண்சாதி புருஷனைக் கூப்பிடுகிற சொல். இதை வைத்து மச்சாள்மார் என்னைப் பண்ணாத பகிடி இல்லை. “கட்டின மனிசனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவள், தமையனை இஞ்சருங்கோ எண்டுறாள்” என்று கலியாண வீடுகளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று முப்பது வருடமாக நினைத்திருந்தேன்.

காரணம் இதுதான். யுத்த காலம். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அம்மாவும் நானும் வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்தோம். தமையனார் கொட்டாஞ்சேனையில், ஒல்லாந்தர் வழிவந்த ஒரு பறங்கி நண்பருடைய வீட்டுப் பின்னறையில் இருந்தார். நண்பர் டிரம்ஸ் அடிப்பவர். இருவரும் சேர்ந்து ஹோட்டல்களில் கன்ட்ரி பாட்டு வாசித்தார்கள். கொழும்பில் அந்தப் பாட்டுக்கு அன்றைக்கும் ஒரு கூட்டம் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. மேடைக்கென்று அவர் ஒரு பறங்கிப் பெயர் வைத்திருந்தார். ஹோட்டல் கொடுத்த பாஸில் அந்தப் பெயர்தான். அடையாள அட்டையில் அப்பா வைத்த பெயரும், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்பதும் இருந்தன. அந்த அட்டையை அவர் சப்பாத்துக்குள் வைத்திருப்பார்.

சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. தமிழ்ப் பெடியன் என்று தெரிந்தால் மறித்து வைத்துவிடுவார்கள். அதைத் தாண்ட அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். முதுகில் கிட்டார், கையில் தொப்பிக்காரன் படம் போட்ட ஒரு தடித்த புத்தகம். படம் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு, இங்கிலிசும் சிங்களமுமாக ஏதோ அலட்டிக்கொண்டு நடப்பார். ஆமிக்காரன் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துச் சிரிப்பான். “யன்ன, யன்ன” என்று போகச் சொல்லிக் கையைக் காட்டுவான். அந்தப் புத்தகம்தான் அவருடைய பாஸ்போர்ட். அம்மாவுக்கும் எனக்கும் அவர் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று. “ரோட்டில என்னைக் கண்டா தெரியாத மாதிரிப் போங்கோ. ரோட்டில நான் உனக்கு அண்ணா இல்ல, விளங்குதோ?” நான் ஓம் என்று தலையாட்டியிருந்தேன்.

அவருடைய பிறந்தநாளன்று அம்மா இறால் பொரித்து, கத்தரிக்காய்ப் பால்கறி வைத்து, சோற்றுப் பார்சல் கட்டித் தந்தார். கொண்டுபோனேன். அறை பூட்டிக் கிடந்தது. கொட்டாஞ்சேனை பஸ் தரிப்பில் ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றேன். நெற்றியில் பொட்டு, தலையில் பூ, கையில் பார்சல். கடைசியில் வெள்ளவத்தை பஸ் வந்து நின்றது. சனம் முண்டியடித்து ஏறியது. அதே நேரம் தெருவின் மறுபக்கத்தில் அவரைக் கண்டேன். சாவடியைத் தாண்டி நாலைந்து அடி வைத்துவிட்டார். புத்தகம் கையில் இருந்தது.

மூளை வேலை செய்யவில்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஆனால் அது வேலை செய்தது. பஸ் போகப் போகிறது, கறி புளிக்கப் போகிறது, அம்மா ஏசப் போகிறார் என்று எல்லாவற்றையும் யோசித்தது. ஆமிக்காரனை மட்டும் யோசிக்கவில்லை. “அண்ணா” என்று உரத்துக் கூப்பிட்டேன்.

அவர் திரும்பினார்.

ஆமிக்காரனும் திரும்பினான். சத்தம் வந்த பக்கம் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான், கையைத் தட்டிக் கூப்பிட்டான். நான் சனத்துக்குள் இருந்தேன். பஸ்ஸில் ஏறினேன். ஆம், ஏறினேன். யன்னலுக்குள்ளால் பார்த்தபோது புத்தகம் மண்மூட்டைமேல் கிடந்தது, அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பெயர் வைத்திருக்கும் தமிழன் என்றால், புலி என்று பிடிக்க அன்றைக்கு வேறு விளக்கம் எதுவும் தேவையில்லை. பார்சலை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். வீட்டில் அம்மாவிடம், அறை பூட்டியிருந்தது, ஆளைக் காணவில்லை என்று சொன்னேன்.

பதினான்கு மாதம் அவரை வைத்திருந்தார்கள். முதல் ஆறு கிழமை எங்கே இருக்கிறார் என்பதே தெரியாது. அதைக் கண்டுபிடித்தது அந்தப் பறங்கி நண்பர். தமிழர் போக முடியாத வாசல்களுக்கெல்லாம் போய் விசாரித்து, முகாமின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அவருடைய முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். மகனுடைய இரண்டு பெயரும் தெரிந்தவன் அவன் ஒருவன்தானே, அவன்தான் காட்டிக் கொடுத்தான் என்று அம்மா முடிவுகட்டியிருந்தார். நண்பர் வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தாளைக் கதவின் கீழால் தள்ளிவிட்டுப் போனார். “தான் அனுப்பின இடம் தனக்குத் தெரியாதே” என்றார் அம்மா.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பொழுதுபட விளக்கேற்றும்போதும் அம்மா திட்டுவார். “காட்டிக் குடுத்தவன் புழுத்துத்தான் சாவான். அவன்ர குடும்பம் விளங்காது.” நான் பக்கத்தில் நின்று திரி உருட்டிக் கொடுப்பேன். அந்தத் திட்டு ஒவ்வொன்றும் யாருக்கு உரியது என்று எனக்குத் தெரியும். ஒருநாள் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தும் இருக்கிறேன். எண்ணெய் முடியப் போகுது என்றுதான் வெளியே வந்தது. என்னைப்போல் ஒரு கோழையை நான் என் வாழ்க்கையில் சந்திக்கவில்லை.

தமையனார் வெளியே வந்தபோது இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. “கதவுக்குள்ள அம்பிட்டது” என்றார். ஒருவரும் மேலே கேட்கவில்லை. கிட்டார் திரும்பி வந்தது, அதை அவர் உறையைவிட்டு எடுக்கவே இல்லை. புத்தகம் வரவில்லை. எங்களோடு வந்து இருந்தார், அம்மாவின் திட்டு அப்போதும் நிற்கவில்லை. ஒரு கம்பனியில் கிளார்க்காகச் சேர்ந்தார். சேர்ந்த மாதமே மருதானைக்குப் போய், தொப்பிக்காரன் படம் போட்ட வேறொரு புத்தகத்தோடு வந்தார். இனியும் என்னத்துக்கு இது என்று அம்மா கேட்டார். “மற்றது பாதியில நிண்டுபோச்சு. மிச்சம் என்ன நடந்தது எண்டு பாக்க வேணும்” என்றார். அந்தப் பழைய புத்தகம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. தேடித் தேடி அலுமாரிதான் நிரம்பியது.

அவர் அன்றைக்குத் திரும்பியபோது என்னைக் கண்டாரா, இல்லையா? முப்பது வருடமும் எனக்குள் இருந்த கேள்வி இது ஒன்றுதான். அம்மா செத்தபோதும், நான் கலியாணம் கட்டியபோதும், பிள்ளை பெற்றபோதும், வீட்டுக்காரர் போன பிறகு அவரை என்னோடு கூட்டிவந்து வைத்துக்கொண்டபோதும் அதுதான். கண்டிருந்தால் ஏன் ஒருநாளும் கேட்கவில்லை? காணவில்லை என்றால் நான் சொல்ல வேண்டாமா? இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு அவருக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தேன்.

இந்த வருடம் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, உடம்பு மெஷினையும் தாங்காத நிலைக்கு வந்துகொண்டிருக்கிறது என்றார். அந்தக் கிழமை நாங்கள் வாசித்த அத்தியாயம் குற்றத்தை ஒப்புக்கொள்கிற பாட்டுகளைப் பற்றியது. கூட்டாளியைச் சுட்டவன், பிள்ளையை விட்டுவிட்டு ஓடிய தாய், தம்பியின் காணியை எழுதி எடுத்தவன். இந்த இசையில் அவர்கள் எல்லாரும் மூன்றாம் சரணத்துக்கு வருவதற்குள் தாங்கள் செய்ததைத் தங்கள் வாயாலேயே சொல்லிவிடுவார்கள் என்று புத்தகம் சொன்னது.

“இந்த ஆக்களிட்ட எனக்குப் பிடிச்சது இதுதான்” என்றார் தமையனார். “செய்ததைச் சொல்லிப்போடுவினம்.”

நான் புத்தகத்தை மூடினேன். எழும்பி அவருடைய நாற்காலிக்குக் கிட்டப் போனேன்.

“இஞ்சருங்கோ. அண்டைக்குக் கொட்டாஞ்சேனையில உங்களைக் கூப்பிட்டது நான்தான்.”

கோச்சி ஒன்று வந்தது. அது போய் முடியும்வரை அவர் வழக்கம்போலப் பேசாமல் இருந்தார்.

“தெரியும்” என்றார்.

“என்னைக் கண்டனீங்களோ?”

“இல்ல. குரல் உன்ர மாதிரி இருந்தது. உள்ளுக்கு இருக்கேக்க நினைச்சனான், வேற ஆரோ ஒரு பிள்ளை தன்ர தமையனைக் கூப்பிட்டிருக்கும் எண்டு. வெளியில வந்து பாத்தா, நீ என்னை அண்ணா எண்டு கூப்பிடுறதையே விட்டிட்டாய். பிறகென்ன சந்தேகம்?”

எனக்கு அழுகை வந்தது. அவர் என்னை அழவிட்டார். பிறகு, “நீ கூப்பிட்டது பிழையில்ல. தங்கச்சி எண்டா தமையனைக் கூப்பிடுவாள்தானே. நான் திரும்பியிருக்கப்படாது” என்றார். “ஆனா அவனை ஏன் திட்ட விட்டனி? அம்மா திட்டத் திட்ட நீ பக்கத்தில நிண்டு திரி உருட்டினனி.”

“நீங்களும் கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள்” என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு வாய் அடங்கவில்லை.

“ஓம். உன்னைக் காட்டிக் குடுக்க ஏலுமோ?”

நான் அப்படியே தரையில் இருந்துவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பாமல், யன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். “அவனுக்கும் தெரியும். வெளியில வந்த கிழமையே நான் அவனிட்டைச் சொல்லிப்போட்டன். அம்மா உயிரோட இருக்குமட்டும் வாய் திறக்காதே எண்டும் சொன்னனான். அவன் திறக்கேல்ல.”

“எனக்கு ஏன் ஒருநாளும் சொல்லேல்ல?”

“நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். நல்லா நேரமெடுத்தாய்.” கொஞ்சம் சிரித்தார். பிறகு, “இப்ப ஒருக்காக் கூப்பிடு பாப்பம்” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். முப்பது வருடம் வகுப்பறையில் கத்தியவளுக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. அவர் காதைக் கொடுத்துக் காத்துக்கொண்டிருந்தார். பார்வை இல்லாத அந்த முகத்தில் ஓர் ஆசை தெரிந்தது, அதை நான் கண்டேன்.

“தேத்தண்ணி போடட்டோ?” என்றேன்.

“வேண்டாம். வாசி” என்றார்.

அதற்குப் பிறகு பதினொரு நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று எழும்புவேன். குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் மெல்லச் சொல்லிப் பார்ப்பேன். அங்கே வரும். கூடத்துக்குப் போனால் இஞ்சருங்கோதான். அவர் மறுபடி கேட்கவில்லை. அத்தியாயத்துக்கு அத்தியாயம், “இவனும் குடிச்சானோ?” என்று இப்போது அவர்தான் என்னைக் கேட்டார், என்னைச் சிரிக்கவைக்க. பன்னிரண்டாம் நாள் காலை மெஷினில் படுத்திருக்கும்போதே இதயம் நின்றுவிட்டது. நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். என் மடியில் புத்தகம் இருந்தது, இன்னும் நாற்பது பக்கம் பாக்கி.

பொரளையில் ஒரு மலர்ச்சாலையில் உடலைப் பார்வைக்கு வைத்தோம். மகன் வந்து சேர்ந்தான், மச்சாள்மார் வந்தார்கள். பின்னேரம் போல அந்தப் பறங்கி நண்பர் கொட்டாஞ்சேனையிலிருந்து பொல்லூன்றிக்கொண்டு வந்தார். பெட்டியருகே போய், மடங்காத அந்த இரண்டு விரல்களின் மேல் தன் கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு வெளியே போய் வாசலில் நின்றுகொண்டார். நான் போய், “உள்ளுக்கு வந்து இருங்கோ” என்றேன். அவரிடம் சொல்ல வேண்டியதை இரவிரவாகப் பாடமாக்கி வைத்திருந்தேன்.

“பரவாயில்ல நங்கி” என்றார், தங்கைக்குச் சொல்கிற சிங்களச் சொல்லால். “நான் வெளியில நிக்கிறன். பழகினதுதானே.”

குத்திக்காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. அதனால்தான் பாடமாக்கியது எல்லாம் மறந்துபோனது. அவருடைய கையைப் பிடித்தேன், பிறகு உள்ளே கூப்பிட்டார்கள் என்று போய்விட்டேன்.

கிரியை முடிந்தது. வாய்க்கரிசி போட்டார்கள். எங்கள் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை, அதனால் பெட்டி மூடும் நேரம்தான் எங்களுக்குக் கடைசி நேரம். எல்லாரும் சுற்றி நின்று முறை சொல்லிக் கூப்பிட்டு அழுதார்கள். மச்சான், மாமா, பெரியப்பா என்று மண்டபம் முழுக்கக் குரல். நான் மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். கல்லு மாதிரி நிக்கிறாள் என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. இத்தனை வருடம் என்னைப் பகிடி பண்ணிய மூத்த மச்சாள் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

“கூப்பிடு பிள்ளை. இனி எப்ப கூப்பிடப் போறாய்?”

பெட்டியை மூட மூடியைத் தூக்கிவிட்டார்கள். நான் குனிந்தேன். அன்றைக்கு பஸ் தரிப்பில் கூப்பிட்ட அதே உரத்த குரலில், அத்தனை பேருக்கும் கேட்க, “அண்ணா” என்று கூப்பிட்டேன்.

வாசலில் நின்ற நண்பர் திரும்பிப் பார்த்தார். அண்ணா திரும்பவில்லை.